கண்ணை மூடிக் கும்பிடும்போது

இடது கால் செருப்பு கழன்று போனது எனக்குத் தெரியவே இல்லை. கம்பெனி வேன் இறக்கிவிட்ட இடத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெரு, போட்ட நாளிலிருந்து யாராவது தோண்டிக்கொண்டே இருக்கிற தெரு. ஜல்லி, உடைந்த ஓடு, குழாய் பதிக்க வந்தவர்கள் விட்டுப்போன கம்பித் துண்டு என்று எல்லாம் கிடக்கும். அதன்மேல் வெறுங்காலோடு நடந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்த மாமியார்தான் முதலில் பார்த்தார்.

"இன்னாடி, ஒத்த செருப்போட வர்ற? இன்னொன்ன எவனுக்குக் குடுத்துட்டு வந்த?"

கீரைக்காரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். குனிந்து பார்த்தபோதுதான் பாதத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருப்பது தெரிந்தது.

செருப்பு சரியில்லை என்று வீட்டில் முடிவாயிற்று. பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு ஒன்றை என் கணவர் வாங்கிவந்தார். என் நரம்புகளுக்கு எங்கள் குடும்பம் செய்த முதல் வைத்தியம் அதுதான். செருப்பு நல்ல செருப்பு, குறை சொல்ல முடியாது. அதன் பிறகு நான் விழும்போதெல்லாம் செருப்போடுதான் விழுந்தேன்.

நான் வேலை பார்ப்பது திருமழிசை தொழிற்பேட்டையில், கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில். படித்தது தமிழ் எம்.ஏ. தலைவனைப் பிரிந்த தலைவி எப்படியெல்லாம் உடல் மெலிகிறாள் என்று ஐம்பது பக்கத்துக்கு எழுதிப் பட்டம் வாங்கினவள், சிவப்பு வயர் போக வேண்டிய இடத்தில் சிவப்பும் மஞ்சள் போக வேண்டிய இடத்தில் மஞ்சளும் போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வயரையும் நரம்பையும் ஒப்பிட்டு யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். கம்பெனியில் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

அந்த வேலையை நின்றபடிதான் செய்ய வேண்டும். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பது எங்கள் சூப்பர்வைசரின் கண்டுபிடிப்பு. அவர் மட்டும் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் எப்படித் தூங்காமல் இருந்தார் என்பதை அவர் வெளியிடவில்லை. தலை சுற்றுகிறது, கால் மரத்துப்போகிறது, ஒரு ஸ்டூல் கொடுங்கள் என்று நான் கேட்டபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு ஒரு ஸ்டூல் குடுத்தா நாளைக்கு லைன்ல எல்லாருக்கும் கால் மரத்துப் போவும்க்கா" என்றார். தொற்றுநோய் பற்றி அவருக்கு இருந்த அக்கறையை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன்.

உடம்பு என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரை தரையாக இல்லை. இலவம்பஞ்சு மெத்தைமேல் நடப்பது போல் இருந்தது. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கால் சொல்லாது, கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கண் பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஓரளவு சமாளித்தேன். கரண்ட் போனால் போச்சு, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சிலையாகிவிடுவேன். முகம் கழுவுவதுதான் பெரிய சாகசம். சோப்பு போட்டு இரண்டு கண்ணையும் மூடினால் உடனே பக்கவாட்டில் சாய்ந்து வாளிமேல் விழுவேன். அதனால் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே முகம் கழுவப் பழகினேன். இடது கண் எப்போதும் சோப்புத் தண்ணீரில் சிவந்து கிடக்கும். "ராத்திரி பூரா செல்லு பாத்தா கண்ணு செவக்காம இன்னா செய்யும்?" என்பார் மாமியார்.

சாமி கும்பிடுவதும் அப்படித்தான் ஆயிற்று. கையைக் கூப்பிக் கண்ணை மூடினால் நிற்க முடியவில்லை. அதனால் கோயிலுக்குப் போனால் ஒரு தூணோரமாக ஒதுங்கி, முதுகைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை நன்றாகத் திறந்து அம்மனை முறைத்துப் பார்த்தபடி வேண்டிக்கொள்வேன். வேண்டுதலும் சுருக்கமானதுதான். யாராவது ஒருத்தர் நான் சொல்வதை நம்ப வேண்டும். நோய் குணமாக வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை, அதெல்லாம் பேராசை.

நம்பவில்லை என்றால் வைத்தியம் பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை. நன்றாகவே பார்த்தார்கள். ஆவடியில் ஒரு காது மருத்துவர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, காதுக்குள் ஏதோ துகள் இடம் மாறியிருக்கிறது என்று சொல்லி அதை அதன் இடத்துக்கு அனுப்பிவைத்தார். துகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும், நான்தான் வெளியே வரும்போது வாசல்படியில் விழுந்தேன். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுக் கழுத்தில் தேய்மானம் என்றார். இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய யாரும் தேய்மானம் இல்லாமல் ஒரு எலும்பு மருத்துவரின் அறையை விட்டு வெளியே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கழுத்துக்கு ஒரு பட்டை கொடுத்தார். காலுக்கும் பட்டை, கழுத்துக்கும் பட்டை என்றானேன். கழுத்துப் பட்டை போட்டால் தரையைக் குனிந்து பார்க்க முடியாது. தரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

குடும்ப டாக்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் கணவரிடம்தான் கேட்டார்.

"வீட்டுல ரொம்ப யோசிப்பாங்களா?"

"ஆமா சார்" என்றார் என் கணவர். "புக்கு படிப்பா."

டாக்டர் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டி, டென்ஷன் என்று சொல்லித் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தள்ளாடினேன்.

என் கணவர் கெட்டவர் இல்லை. ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். இயந்திரம் ஒரு சத்தம் மாற்றிப் போட்டால் ராத்திரி சாப்பிடாமல் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். நான் சத்தம் போட்டால் மட்டும் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். "தலை சுத்துது, நேரா நிக்க முடியல, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சமையலறையிலிருந்து சொல்லியிருக்கிறேன், பைக்கின் பின்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். "போலாம் போலாம்" என்பார். நடந்தால் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. அந்த ஏரிக்கரையில் எல்லோரும் நேராக வட்டமடிப்பார்கள், நான் மட்டும் கோணல் மாணலாக வட்டமடித்தேன். ஒருநாள் வேனிலிருந்து இறங்கித் தனியாக வரும்போது ஒயின் ஷாப் வாசலில் நின்ற ஒருவர், "பாத்து யம்மா, செவுரப் புடிச்சிகினே போ" என்றார். இரண்டு வருஷத்தில் என் நடையைப் பார்த்துச் சரியான யோசனை சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இப்படி இருக்கும்போதுதான் ஆடி மாதம் வந்தது.

எங்கள் தெருமுனையில் ஒரு அம்மன் கோயில். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவார்கள். அதற்கு முந்தின வாரத்திலிருந்தே ஒலிபெருக்கி கட்டி, தெருவில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காதபடி செய்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியாது. கூழ் ஊற்றும் அன்று காலை பம்பைக்காரர்கள் வந்து இறங்கியாயிற்று. மாமியார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் கூட்டத்தின் முன்வரிசையில் நிறுத்தினார். நான் வழக்கமாகச் சாய்கிற தூணில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். முன்னாலும் பின்னாலும் பெண்கள் நெருக்கியதில் இரண்டு காலையும் ஒட்டவைத்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

கற்பூரம் காட்டினார்கள். நான் வழக்கம்போல் கண்ணைத் திறந்துகொண்டு நின்றேன். மாமியார் என் விலாவில் இடித்தார்.

"ஆத்தாவ முறைச்சிகினு நிக்கிற? கண்ண மூடிக் கும்புடுடி!"

சரி, ஒரு நொடிதானே என்று மூடினேன்.

மூடின உடனே காலுக்குக் கீழே இருந்த பூமி காணாமல் போயிற்று. முன்னால் சாய்ந்தேன், யார் முதுகோ தடுத்தது. பின்னால் சாய்ந்தேன், யார் தோளோ தடுத்தது. விழக்கூட இடம் இல்லாததால் முன்னும் பின்னுமாக ஆடினேன். கூப்பிய கையைப் பிரித்து எதையாவது பிடிக்கப் பார்த்ததில் கை இரண்டும் தலைக்கு மேலே போய்விட்டது. அவ்வளவுதான். ஒரு அம்மாள் உச்சக் குரலில், "அம்மா வந்துட்டா! தாயி வந்துட்டா!" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. என் கொண்டையை யாரோ அவிழ்த்தார்கள். இடுப்பில் வேப்பிலையைச் செருகினார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். தண்ணீர் ஊற்றும்போது கண்ணைத் திறக்க முடியுமா? மூடினேன், இன்னும் ஆடினேன். பம்பைக்காரர் என் காதோரம் வந்து அடித்த அடியில், ஆவடி டாக்டர் அதன் இடத்துக்கு அனுப்பிவைத்த துகள் மறுபடியும் கிளம்பியிருக்கும். பெண்கள் எல்லாம் குலவை இட்டார்கள். ஆறு மாதமாக என்னோடு பேசாமல் இருந்த எதிர்வீட்டுக்காரி என் காலில் விழுந்து கும்பிட்டாள்.

"சொல்லு தாயி! மனசுல இன்னா கொற? சொல்லு!" என்று பூசாரி கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மனசில் என்ன குறை என்று என்னை யாரும் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது. இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே சொன்னேன். ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.

"தலை சுத்துது. நேரா நிக்க முடியல. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

பம்பை நின்றது. கோயில் கமிட்டித் தலைவர், நிற்க முடியவில்லை என்றால் அம்மனுக்கு மண்டபம் போதவில்லை என்று பொருள் என்றார். மேற்கொண்டு அவரை யாரும் பேசவிடவில்லை, ஏனென்றால் என் மாமியார் முன்னே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார்.

"என் மருமவளுக்குத்தான் தாயி சொல்ற! எனுக்குப் புரியுது தாயி! பெத்தவ மாரி வந்து சொல்றியே! நாளைக்கே இட்டுகினு போறோம் தாயி!"

கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த என் கணவரும் கையெடுத்துக் கும்பிட்டபடி, "போறோம்மா, போறோம்மா" என்றார். நான் அவரை இவ்வளவு பணிவாக எப்போதும் பார்த்ததில்லை. கல்யாண நாளன்றுகூட இல்லை.

ஈரப் புடவையோடு வீட்டுத் தரையில் உட்கார்ந்து, மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். "அத்த, அது நான்தான் சொன்னேன். அம்மன் இல்ல." அவர் என் நெற்றியில் விபூதி பூசினார். "உனுக்கு எங்கடி தெரியும்? வந்துட்டுப் போனவங்களுக்கு ஒண்ணும் நெனப்பு இருக்காது" என்றார். என் வாயிலிருந்து வந்த வார்த்தைக்கு நான் சாட்சி சொல்லவும் லாயக்கில்லை என்று ஆகிவிட்டது.

மறுநாள் வேனில் ஏறினால் செய்தி எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி அதே வேனில்தான் வருவாள். முன்சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். பூந்தமல்லியில் ஏறுகிறவள் லைனில் என் பக்கத்துப் பலகையில் நிற்பவள், தையல்கடை வைத்திருக்கும் பாயின் மனைவி. வேனிலிருந்து இறங்கும்போது பல மாதமாக என் கையைப் பிடித்து இறக்கிவிடுகிறவளும் அவள்தான். எல்லாக் கதையையும் கேட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதில் சொன்னாள்.

"நீ குடுத்து வெச்சவக்கா. எங்கூட்ல நான் இப்டி ஆடியிருந்தா ஜின்னு புடிச்சிகிச்சினு தர்காவாண்ட இட்டுகினு போய்க் குந்த வெச்சிருப்பாங்கோ. உனுக்காச்சும் ஆஸ்பத்திரி கெடச்சிச்சு."

கம்பெனியில் என் பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் மெத்தை வேறு தைத்துப் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் அருகில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "குந்துங்கக்கா" என்றார். நான் உட்கார்ந்த பிறகும் அவர் போகவில்லை.

"இல்ல... எனக்கு ஒரகடம் பிளாண்டுக்கு டிரான்ஸ்பர் கேட்டிருக்கேன். வருமாக்கா?"

"வரும்" என்றேன். முழு மனசோடு சொன்னேன். அவர் போக வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டியிருந்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து வயரைத் தடவியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் உள்ளே எரிந்துகொண்டும் இருந்தது. நான் சொன்னதற்குக் கிடைக்காத ஸ்டூல், நான் சொல்லாததற்குக் கிடைத்திருக்கிறது. விரல் நுனியும் இப்போதெல்லாம் சரியாக உணரவில்லை என்பதை அன்றைக்குத்தான் முதலில் கவனித்தேன். அதை யாரிடம் சொல்வது, எந்தக் கோயில் வாசலில் சொல்வது என்று தெரியவில்லை.

அம்மன் உத்தரவாயிற்றே, அந்த வாரமே என் கணவர் லீவு போட்டார். மின்சார ரயிலில் நகரத்துக்குள் போய், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நரம்பு மருத்துவரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்தோம். கூப்பிட்டது என் மகளாக இருக்கக்கூடிய வயதில் ஒரு பெண் டாக்டர். நான் பேசினேன், அவர் எழுதினார். நடுவில் என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "அவங்க முடிக்கட்டும் சார்" என்றார். எனக்கு அந்தப் பெண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் போல் இருந்தது.

நடக்கச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். பிறகு கவட்டை மாதிரி ஒரு இரும்பை மேசையில் தட்டி என் கால் கட்டைவிரல்மேல் வைத்தார்.

"அதிர்றது தெரியுதா?"

"என்ன அதிர்றது?" என்றேன். வெறும் இரும்பு, ஜில்லென்றுகூட இல்லை. இது வேலை செய்யவில்லை போலிருக்கிறது, ஆஸ்பத்திரிச் சாமான்தானே என்று நினைத்தேன். அவர் மறுபடி தட்டி என் நெஞ்செலும்பில் வைத்தார். நெஞ்சு முழுக்க அது பாடிற்று. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இரண்டு வருஷமாக எல்லோரோடும் சண்டை போட்டு நிரூபிக்கப் பார்த்தது, நிஜமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்து வைக்கவில்லை.

"எழுந்து நில்லுங்கம்மா. ரெண்டு காலையும் சேர்த்து வையுங்க. கையை முன்னாடி நீட்டுங்க. இப்ப கண்ணை மூடுங்க."

"மூடினா அம்மன் வந்துடும் டாக்டர்" என்றேன்.

"வரட்டும், நான் பிடிச்சுக்கறேன்" என்றார் அந்தப் பெண்.

மூடினேன். அதே ஆட்டம். பம்பையும் இல்லை, வேப்பிலையும் இல்லை, மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் ஆடிக் கடைசியில் டாக்டர்மேல் சாய்ந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால், என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, செருப்பை ஓரமாகக் கழற்றிவைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"அம்மா வந்துட்டாங்க மேடம்" என்றார் அவர் நடுங்கும் குரலில்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். என் கணவரை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். பாதம் எங்கே இருக்கிறது என்று காலிலிருந்து மூளைக்குப் போக வேண்டிய தகவல் சரியாகப் போகவில்லை. கண் திறந்திருந்தால் கண் பார்த்து ஈடுகட்டுகிறது. மூடினால் ஈடுகட்ட ஆளில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று இப்போதைக்குத் தெரியாது. முதுகுத்தண்டில் இருக்கலாம், நரம்பிலேயே இருக்கலாம், ரத்தத்தில் இருக்கலாம். திங்கட்கிழமை சேர்ந்து சில நாள் தங்கினால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தள்ளிப்போடக் கூடாது, கூடிக்கொண்டே போகிறது.

"எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"ஆடி பொறந்ததுலேர்ந்து" என்றார் என் கணவர்.

"ரெண்டு வருஷமா" என்றேன் நான்.

டாக்டர் என் பதிலை எழுதிக்கொண்டார். "அவங்க சொல்றதெல்லாம் சரியாத்தான் இருக்கு சார்" என்றார்.

நான் அழுதேன். உடம்பில் கோளாறு இருக்கிறது என்று கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்ட பொம்பளையை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன் பார்த்திருக்குமா தெரியாது. பயந்தும் அழுதேன். எந்த அழுகை எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அம்பத்தூர் தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இவ்ளோ கீதுனு முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். கத்தினால் கேட்க ஒரு பெட்டி நிறைய ஆள் இருந்தார்கள். அதனால் மெதுவாகவே சொன்னேன். சமையலறையில் சொன்னது, பைக்கில் சொன்னது, ஏரிக்கரையில் சொன்னது, தலையணையில் சொன்னது. கோயிலில் சொன்னதும் அதே மூன்று வரிதான், நீங்கள்தான் கும்பிட்டுக்கொண்டே கேட்டீர்கள் என்றேன். அவர் கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"காதுல உழுந்துச்சு" என்றார்.

ஆவடியில் இறங்கி நடக்கும்போது, அவராகவே என் கையைப் பிடித்துக்கொண்டார். பிளாட்பாரத்தின் பாதியில் ஒரு யோசனையும் சொன்னார். வரும் ஞாயிறு விளக்குப் பூஜை. அவர் அம்மா என்னை முன்னால் உட்காரவைக்கப் போவதாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்றால் ஒத்துக்கொள்ளாது. அதனால் அம்மன் மறுபடி வந்து சொன்னதாகச் சொல்லிவிடலாம்.

"ஒரு தபா லேசா ஆடிக் காட்டு, போதும்" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் கையை விட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.

மறுநாள் காலை மாமியார் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் கணவர் வேலைக்குக் கிளம்பி, கூடத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். நான் மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, சாதாரணக் குரலில் சொன்னேன்.

"அத்த, திங்கக்கிழமை நான் ஆஸ்பத்திரில சேரணும். என்னால நேரா நிக்க முடியல. கையும் மரத்துப்போக ஆரம்பிச்சிடுச்சு."

அவர் கீரையைக் கீழே வைத்தார். எழுந்து என் கிட்டே வந்து என் கண்ணை உற்றுப் பார்த்தார். பார்வையில் பயமும் பக்தியும் இருந்தன.

"இத யாரு சொல்றது? ஆத்தாவா, நீயா?"

ஒரே ஒரு சொல் போதும். மேடையை விட்டுவிட்டுக் கண்ணை மூடினால் அதுகூட வேண்டாம், உடம்பே சொல்லிவிடும். அந்த ஆசை எனக்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"நான்தான் அத்த."

"நீதானா?" என்றார். முகத்திலிருந்து எல்லாம் வடிந்துவிட்டது. உட்கார்ந்து கீரைக் காம்பை எடுத்துக்கொண்டார். "அப்ப ஆடி போவட்டும். பாத்துக்கலாம்."

கூடத்தில் என் கணவர் ஒரு காலில் மட்டும் ஷூவோடு உட்கார்ந்திருந்தார். பிறகு போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

"சார், திங்கக்கிழமலேர்ந்து எனக்கு லீவு வேணும். எத்தினி நாளுன்னு தெரியாது சார்... இல்ல சார், கோயில் விசயம் இல்ல. ஒய்ஃபுக்குத் தல சுத்துது, நேரா நிக்க முடியல..."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் சமையலறையின் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"டாக்டரு நேத்துதான் சார் சொன்னாங்க. அவ ரெண்டு வருசமா சொல்லிகினு கீறா."